மூன்று பார்

வஃப்ராவில் ஒரு கோழிப்பண்ணை.
பத்தொன்பதாயிரம் குஞ்சுகள் வியாழக்கிழமை வருகின்றன.
அதற்குள் ஹீட்டருக்கு எரிவாயு போய்ச் சேர வேண்டும்.
கொட்டகைக்குள் முப்பத்து மூன்று டிகிரி,
ஒன்று குறைந்தாலும் குஞ்சு கொத்தாகச் சாகுமாம்.

குவைத்தில் ஹீட்டரா என்று போனில் சிரித்தாள் எப்சிபாள்.
ஜனவரியில் வந்து பார் என்றேன்.
விசா யார் தருவார் என்றாள்.
பிறகு பள்ளிக் கட்டணம் பற்றிப் பேச்சு போயிற்று.
காதுக்கும் தோளுக்கும் நடுவே அவளை இடுக்கிக்கொண்டு
பதினேழாவது மூட்டை முறுக்கினேன்.

தொட்டியிலிருந்து கொட்டகைக்கு நாற்பத்தாறு மீட்டர்.
இரண்டு அங்குலக் குழாய். மரை வெட்டிய எண்ணெய்
சொட்டிய இடமெல்லாம் மணல் கறுத்துக் கிடந்தது.
மதியத்துக்குமேல் டெஃப்லானை நான் எதிர்ப்புறம் சுற்ற,
டேக் பகதூர் ஒன்றும் பேசாமல் பிரித்து
நேர்ப்புறம் சுற்றித் தந்தான்.

ஹீட்டரின் வாய்க்குச் சற்று முன்னால்
கீழ்நோக்கி ஒரு சாண் குழாய், முனையில் மூடி.
அது எங்கும் போகாது.
துருவோ மணலோ ஈரமோ, வருவது அங்கே விழட்டும்,
தீக்குச் சுத்தமானது மட்டும் கிடைக்கட்டும் என்று.
எங்கள் ஆட்கள் அதை அழுக்குக் கால் என்பார்கள்.
எனக்கும் ஒன்று பொருத்தினால் தேவலை.

மாலை நாலு மணிக்குக் காற்றடித்து நிறுத்தினோம்.
மூன்று பார்.
(இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த பார் இது ஒன்றுதான்.)
"காலையில் வருவேன். முள் இறங்கியிருந்தால்
கையெழுத்து கிடையாது" என்று சொல்லிவிட்டு
எகிப்துக்கார ஹிஷாம் வண்டியைத் திருப்பினார்.

ஒரு மணிக்கு இரண்டே முக்காலும் கொஞ்சமும்.
மூன்று மணிக்கு அந்தக் கொஞ்சமும் இல்லை.

முப்பத்தோரு மூட்டு.
பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துக்கொண்டு
டார்ச்சோடு ஒவ்வொன்றாகப் போனோம்.
விரல் தன்னுடையதா என்று கைக்கே தெரியாத குளிர்.
பதினேழில் மட்டும் மூன்று முறை பூசினேன்.
ஒரு குமிழி, ஒரே ஒரு குமிழி வந்துவிட்டால்
பழியைப் போட ஓர் இடம் கிடைக்கும்.
வரவில்லை.
டேக் பகதூர் குழாயில் காது வைத்துப் பார்த்தான்,
உடனே காதைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான்.
"உள்ளே இருக்கிற காற்றுக்கும் குளிரும்தானே"
என்றான், அவனுடைய அரைகுறை இந்தியில்.
"ஒடுங்கிப் படுத்திருக்கும்."

போடா என்று என் முழுகுறை இந்தியில் சொல்லிவிட்டு
முதல் மூட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

ஆறரைக்கு வேலிக்குமேல் சூரியன் வந்தது.
எட்டுக்கு முள் இரண்டு எண்பதில்.
ஹிஷாம் ஒன்பதரைக்கு வந்தார்.
முள்ளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
படிவத்தைக் கேட்டார்.
நேரத்துக்குப் பக்கத்தில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம்.
நேற்று மாலை அதை நான்தான் காலியாக விட்டிருந்தேன்.
அவர் திட்டவில்லை. நாலு மணி வரை உட்கார் என்றார்.
உட்கார்ந்தோம். சட்டையைக் கழற்றும் அளவு வெயில்.
நாலு மணிக்கு முள் மூன்றில் நின்றது,
இரவில் எங்கும் போகாததைப் போல.

வியாழக்கிழமை.
பண்ணைக்காரர் மொக்லேசிடம் வால்வைக் காட்டினேன்.
அவருக்கு வங்காளம், எனக்கு இது.
கைப்பிடி குழாயோடு படுத்தால் திறப்பு,
குறுக்கே நின்றால் அடைப்பு.
இரண்டு முறை கையால் காட்டினேன். அவர் ஒரு முறை.
நீலமாய்ப் பற்றியது.

லாரியிலிருந்து பெட்டி பெட்டியாக மஞ்சள் சத்தம்
உள்ளே இறங்கியது.
வெளியே குரியாக்கோஸ் ஹாரன் அடிக்கிறார்,
முகாமுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்,
வேனின் ஒரு கண்ணாடி ஏறாது.

வாயு வந்தபின் ஒருமுறை சோப்பு போட்டுப் பார்க்க வேண்டும்,
விதி அப்படி, என்று கத்தினேன்.
கொட்டகைக்குள் நாலு மூட்டு.
டேக் பகதூர் டார்ச் பிடித்தான்,
பட்டப்பகலில்.
மெதுவாகத்தான் செய்தோம்.