பதினைந்தாவது புள்ளி

வெள்ளியை நுணுக்கிக்கொண்டே போனால்
ஓரிடத்தில் அது மஞ்சளாகிவிடுகிறது.
குப்பியை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
"இதுல எம்புட்டும்மா வெள்ளி இருக்கு?" ஒச்சப்பன் கேட்டார்.
ஒரு மெட்டியைச் சுரண்டினால் நகத்தில் ஒட்டுமே, அவ்வளவு.
"அதுக்கா ராத்திரியெல்லாம் ஏசி?"

பிசினில் கலந்து கண்ணாடித் துண்டில் சொட்டி
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றி
மேலே அலுமினியப் புள்ளிகள், ஐந்துக்கு ஐந்து.
இழையை நாம் இழுக்க வேண்டாம்.
மூன்று வோல்ட் கொடுத்தால் உள்ளே வெள்ளி நகர்ந்து
கீழிருந்து மேலாகத் தானே இழுத்துக்கொள்ளும்.
கரண்டை எடுத்த பின்னும் இழை நிற்கும்.
அதன் பெயர் நினைவு.
என் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம்.

ஒன்பது புள்ளிகள் பிறக்கும்போதே ஷார்ட்.
நாகமலைப் பக்கமிருந்து காற்று அடித்த மதியம் செய்தது,
தூசு விழுந்திருக்கும்.
மிச்சம் பதினாறு.
பதினாறு இருந்தால் ஓர் எழுத்து எழுதலாம்.

கணினி அறிந்த அகரத்தில்
பூஜ்ஜியம் பத்து, ஒன்று ஆறு.
எழுதி முடித்தபோது இரவு பத்தே கால்.

"பத்தாயிரம் விநாடி நின்னாப் போதும்,
அப்புறம் ஸ்கேல் வெச்சுப் பத்து வருஷத்துக்குக்
கோடு இழுத்துரலாம்" என்று போனார் எபனேசர் சார்.
எல்லோரும் அப்படித்தான் இழுக்கிறார்கள்.
முன்னுரையில் சமணர் மலைக் கல்வெட்டைப் போடச் சொல்லியிருந்தார்.
போடவில்லை.
கல்லுக்குக் கரண்டு போவதில்லை.

ஒரு மணிக்கே பத்தாயிரம் ஆகிவிட்டது.
ஹாஸ்டலுக்குப் போயிருக்கலாம்.

இரண்டு பத்துக்குப் போனது,
பல்கலை நகர் முழுக்க ஒரே மூச்சில்.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
யுபிஎஸ் நான்கு முறை கத்திவிட்டு அடங்கியது.
டார்ச் அடித்துக் கண்ணாடித் துண்டையே பார்த்திருந்தேன்,
பார்த்தால் தெரியாது என்று தெரிந்தே.
இருட்டில் நிற்பதற்கென்றே செய்த பொருள் அது.
பதறியது நான்.

கரண்டு வந்ததும் படித்தேன். அ.
நம்பாமல் மறுபடி. அ.
ஒச்சப்பனுக்குக் காட்ட ஒரு முறை. அ.
அவர் போன பிறகு நிமிடத்துக்கு ஒன்று,
அப்புறம் கணக்கில்லை,
தூங்கும் பிள்ளையின் மூக்கருகே
விரல் வைத்து வைத்துப் பார்ப்பவள் மாதிரி.

படிக்க அரை வோல்ட்.
எழுதப் போதாது; சீண்டப் போதும்.
ஒவ்வொரு தடவையும் பதினைந்தாவது புள்ளிக்குள்
ஒரு துகள் அடுத்த துகளை நோக்கி
இம்மி
இம்மியாக.
நாலே முக்காலுக்கு இழை கூடிவிட்டது,
நான் கேட்காத இழை.
பூஜ்ஜியம் ஒன்றாயிற்று.
திரையில்: இ.

மறதி என்றால் எழுதிவிடலாம்.
மறந்திருந்தால் ஒன்றுகள் உதிர்ந்திருக்கும்;
கடைசி ஒன்று உதிர்ந்தால்
எந்த எழுத்தும் குடிவராத எண் ஒன்று கிடைத்திருக்கும்,
வரைபடத்தில் சரிவாகக் காட்டி நகர்ந்திருப்பேன்.
இது குறையவில்லை, கூடியிருக்கிறது.
அந்த என்று வைத்ததைப்
படித்துப் படித்தே இந்த ஆக்கியிருக்கிறேன்.
சேய்மைச் சுட்டு, அண்மைச் சுட்டு:
எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு மார்க் போன கேள்வி.

எதிர்த்திசையில் மூன்று வோல்ட் கொடுத்துப் பார்த்தேன்.
நான்கு.
ஐந்தைத் தொட்டால் புள்ளி கருகும்.
மற்ற பதினைந்தும் சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்க
இது மட்டும் என் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

துண்டை டப்பாவில் வைத்து மூடினேன்.
மேலே மார்க்கரால்,
திங்கள் வரை யாரும் படிக்க வேண்டாம்.

வெளியே பெரியார் போகும் முதல் பஸ் உறுமியது.
சாவிக்கொத்தோடு வந்த ஒச்சப்பன்
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
எழுத்துக் கூட்டி
அதைச் சத்தமாகப் படித்தார்.