பதினாலு டிகிரி

காவேரிப்பட்டணம் வண்டியில்
நடத்துனர் கேட்டார்:
"ரெண்டு டிக்கெட் போடவா, மேடம்?"
பேருந்தே சிரித்தது.
நானும் சிரித்தேன்,
சில்லறையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டு.

அன்று ராத்திரியே ஆரம்பித்தேன்.
காலையில் வெந்நீரில் எலுமிச்சை.
மதியம் வெள்ளரிக்காய், ஒன்று.
சாயங்காலம் பால் சேர்க்காத காப்பி.
ராத்திரிக்கு
காலையின் எலுமிச்சையை நினைத்துக்கொள்வது.
இருபத்தொரு நாளில் எட்டுக் கிலோ என்று
சத்தியம் செய்திருந்தது போனில் ஒரு செயலி.
பட்டினி கிடந்த நாளுக்குப் பச்சை டிக் போடும்.
பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு
இத்தனை டிக் விழுந்ததில்லை.

எனக்கு வேலை மாங்கூழ் ஃபேக்டரியில்,
தரம் பார்க்கும் அறையில்.
சீசன் வந்துவிட்டால் மூச்சிலும் மாம்பழம்.
பர்கூரிலிருந்து, போச்சம்பள்ளியிலிருந்து
லாரி லாரியாகப் பெங்களூரா வந்து நிற்கும்.
ஒரு சொட்டுக் கூழைக் கண்ணாடியில் விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
இனிப்பு ஒரு கோடாகத் தெரியும்.
பதினாலைத் தொட்டால் உள்ளே.
தொடாவிட்டால் வந்த வழி.
நாக்கிலும் ஒரு கரண்டி வைத்துப் பார்க்க வேண்டும்.
முன்பெல்லாம் விழுங்குவேன்.
இப்போது துப்பினேன்.
துப்பிவிட்டு வாய் கொப்பளித்து, மறுபடி துப்பினேன்.
தொட்டியில் ஈக்கள் மொய்த்தன.
அவற்றின் மேல் எனக்குப் பொறாமை.

பதினோராம் நாள் நாலு கிலோ குறைந்திருந்தது.
சுடிதார் தொளதொளத்தது.
"இளைச்சு ஜோரா ஆயிட்டடி"
என்றாள் பேக்கிங் நாகவேணி.
தலை வாரினால் சீப்பில் குருவிக்கூடு.
படியேறினால் முழங்காலில் நடுக்கம்.
வர வேண்டிய நாளும் வரவில்லை.
இதற்கெல்லாம் செயலியில் கட்டம் இல்லை.

பன்னிரண்டாம் நாள், பிற்பகல் மூன்று.
மத்தூர் திம்மராயன் லாரி. ஒன்பது டன்.
சொட்டு விட்டேன், வெளிச்சத்தில் பிடித்தேன்.
கோடு நீந்தியது.
நாக்கில் வைத்தேன்.
புளிப்பா இனிப்பா என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை;
இன்னும், இன்னும் என்று மட்டும் கத்தியது.
அந்தக் கத்தலுக்குப் பயந்து
பன்னிரண்டரை என்று எழுதினேன்.

திம்மராயனுக்கு என் வயசுதான் இருக்கும்.
சண்டைக்கு வரவில்லை.
தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே
"கண்ணு தெரியுதா உங்களுக்கு?" என்றார்.
அது திட்டா விசாரிப்பா
என்று இன்றுவரை பிடிபடவில்லை.

ஷிப்ட் மாற வந்த இர்ஃபான்
அதே மாதிரியை எடுத்துப் பார்த்தான்.
பதினாலு புள்ளி ஆறு.
லாரி கேட்டருகே திரும்பிக்கொண்டிருந்தது.
ஓடினேன்.
ஓடியது ஞாபகம் இருக்கிறது.
அப்புறம் சிமெண்டுத் தரை,
டீசல் வாசனை,
என்னைச் சுற்றி வட்டமாகச் செருப்புகள்.
லாரியை யார் நிறுத்தினார்கள் என்று
கேட்டுக்கொள்ள வெட்கம்.

கேண்டீனில் மிச்சம் இருந்தது
ராகிக் களி, கொள்ளுக் குழம்பு, கொஞ்சம் முருங்கைக்கீரை.
நாகவேணி தட்டைத் தள்ளினாள்.
மனசு கணக்குப் போட்டது: இருநூறு, முந்நூற்றி இருபது...
கை காத்திருக்கவில்லை.
முதலில் பாதி உருண்டை.
பிறகு மற்றப் பாதி.
பிறகு தட்டை வழித்த விரல்.

இப்போதும் நான் குண்டுதான்.
சோறு ஒரு கரண்டி குறைவு, கீரை ஒரு கரண்டி கூட.
வேலை முடிந்ததும் அணை ரோட்டில்
நாகவேணியோடு ஊர்க்கதை பேசி நடை.
மாசத்துக்கு முக்கால் கிலோ இறங்குகிறது,
சில மாசம் அதுவும் இல்லை.
செயலியை இன்னும் அழிக்கவில்லை.
பத்து மணிக்கு அது ஒளிர்ந்து
இன்று சறுக்கிவிட்டீர்கள் என்கிறது.
சில ராத்திரி நம்பிவிடுகிறேன்.

அடுத்த சீசன். அதே வண்டி, அதே நடத்துனர்.
"ஒண்ணு" என்றேன், அவர் வாய் திறக்குமுன்.
கிழித்துக் கொடுத்தார்.
பையில் மத்தூர்ப் பழம் ஒன்று இருந்தது.
ஜன்னலோரம் தோலோடு கடித்தேன்.
சாறு முழங்கைவரை வழிந்தது.
பதினைந்து இருக்கும்.
கருவி கையில் இல்லை.