சும்மா வந்த சக்கரங்கள்

பதினேழு வருஷமாய்
என் பாண்டாவின் பின்சக்கரங்கள்
சும்மா வந்துகொண்டிருந்தன.
முன்னவை இழுக்கும், இவை உருளும்,
ஊர்வலத்தின் கடைசியில்
கைவீசி வரும் தூரத்துச் சொந்தம்போல.

டிசம்பரில் தெரியும் சங்கதி.
ஆறு வளைவு ஏறிய வண்டி
ஏழாவதில் மூக்கை ஆட்டும்.
ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப்
பனியைக் கண்ணாடியாக்கும் டயர்.
ரப்பர் வாசம்.
பிறகு ரிவர்ஸில், வெட்கத்தோடு, இறக்கம்.
கேட்டவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தேன்:
"வண்டி ஏறவில்லை."
யாரும் அதற்குமேல் கேட்டதில்லை.

இந்த வருஷம் கீழ்ப் பால்பண்ணையை மூடிவிட்டார்கள்.
இனி என் ஆட்டுப்பால்
கணவாய்க்கு அப்பால் போக வேண்டும்,
பனியானாலும், தினமும்.
புது வண்டியின் விலை
என் மந்தையில் பாதி.

காம்போடோஸ்டோ ஏரிப்பக்கம்
வேட்டைக்காரன் ஒருவனிடம் இன்னொரு பாண்டா,
நான்கு சக்கரமும் இழுக்கும் ஜாதி.
கதவைத் தட்டினால் கதவே உதிரும் துரு.
குனிந்து பார்த்தேன்:
அடிவயிறு மட்டும் கிரீஸில் பளபளத்தது.
அறுநூறு யூரோ, ஆறு வட்டம் பெக்கொரினோ.
ஏழு கேட்டான். ஆறுதான்.

செத்தீமியோவுக்கு வேலை
பனிச்சறுக்கு லிஃப்டின் பொத்தானை அமுக்குவது.
நவம்பரில் பனி பிந்தியது.
அவனுக்குச் சம்பளமில்லை, எனக்கு மெக்கானிக்.
கியர்பாக்ஸ் மாறியது.
டாங்கி ஒதுங்கி இடம் விட்டது.
பட்டைவில்லோடு பின் ஆக்சில் வந்து உட்கார்ந்தது.
சுழல்தண்டுக்கு வழிவிட
அவன் தரையை அறுத்தபோது
நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.
திரும்பி வந்து பார்க்கையில்
டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில்
நீளமாய் ஒரு பிளவு;
அதன் வழியே கொட்டில் தரையும்
நாலு வைக்கோலும் தெரிந்தன.
என் வண்டிக்குள்ளிருந்து பூமியைப் பார்த்தது
அதுவே முதல்முறை.

சாவி தரும்போது சொன்னான்:
"காய்ந்த தாரில் இந்த லீவரைத் தூக்காதே.
வளைவில் முன்சக்கரம் ஒரு தூரம் ஓடும்,
பின்சக்கரம் வேறு தூரம்.
நடுவில் நின்று தீர்த்துவைக்க
இதில் ஒன்றும் கிடையாது.
இறுகும், முறுக்கும், எதையாவது உடைக்கும்.
வழுக்கினால்தான் இரண்டும் ஒத்துப்போகும்."

செயின்ட் லூசியா நாளன்று கொட்டியது.
விடியற்காலை நாலரை.
நூற்றிருபது லிட்டர் பால்.
லீவரைத் தூக்கினேன்.
அடியில் எங்கோ 'டக்' என்றது.
மூன்றாம் வளைவில் உணர்ந்தேன்,
முதுகில் யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளுவதை.
ஏழாவது வளைவு
வந்தது தெரியவில்லை,
போனதுதான் தெரிந்தது.

அங்கேதான் சுரீர் என்றது.
அதற்குமேல் இருப்பது ஒரே வீடு.
என் அண்ணன் பெரார்டீனோ.
கஷ்கொட்டைத் தோப்பைப் பாகம் பிரித்து
நாலு வருஷம்.
கோடையில் "அறுப்பு" என்பேன்,
குளிரில் "வண்டி ஏறவில்லை."
காசு கொடுத்து,
ஆறு வட்டம் பாலாடைக்கட்டியும் கொடுத்து,
என் சாக்கை நானே
கழற்றிப் போட்டிருக்கிறேன்.

சாலையை மறித்துப் பனி வாரிக்கொண்டிருந்தான்.
நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பின்டயரின் தடத்தைப் பார்த்தான்.
மண்வெட்டியைச் சாத்திவிட்டு
பனியில் மல்லாந்து
வண்டிக்கடியில் நுழைந்தான்.
வெளியே பூட்ஸ் மட்டும்:
ஒன்றில் கறுப்புக் கயிறு,
ஒன்றில் சிவப்பு.

"தரையை அறுத்தது யார்?"
"செத்தீமியோ."
"வெல்டு கோணல்."

நாலு வருஷத்தின் முதல் பேச்சு.
நான் என்ஜினை அணைத்தேன்.
கேன்களில் பால் குலுங்கி அடங்கியது.

"பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"
என்றன பூட்ஸ்.

இருந்தது.
உடனே நீட்டவில்லை.
கையுறையைக் கழற்றி,
அந்தக் குளிர்ந்த இரும்பை
கொஞ்ச நேரம்
வெறுங்கையில் பிடித்திருந்தேன்.