வட்டுக்குள் தேரை

தார்த்து நகரம். ஏப்ரல். இரவு பதினொன்று நாற்பது.
ஆய்வகத்தில் ரேடியேட்டர் அணைந்துவிட்டது.
விர்வே கோட்டைக் கழற்றாமலே
தேடல் கட்டத்தில் தேரை என்று தட்டுகிறாள்.

அவர்கள் மொழியில் அதற்கு நான்கே எழுத்து.
இரண்டாவது ஒரு ஓ,
தலையில் சின்ன அலை நெளியும்.
வாயில் அது ஓவே அல்ல:
நம் குற்றியலுகரத்துக்குத் தூரத்துப் பங்காளி,
தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு
வெளியே வரமாட்டேன் என்கிற ஒலி.

பொருந்தும் கோப்பு எதுவும் இல்லை.

காலை ஒன்பதுக்கு அமைச்சகத்தில் கூட்டம்.
சாரெமா தீவின் தென்கரையில்
சாலை போடலாமா கூடாதா.
அந்தக் குட்டையில் தேரை உண்டு என்பதற்கு
ஒரே சாட்சி
போன மே மாதத்து ஒன்பது நிமிட ஒலிப்பதிவு.
இந்த ஆண்டுக் குளிர் இன்னும் விடவில்லை,
புதிதாகப் போய்ப் பதியலாம் என்றால்
எதுவும் வாய் திறக்காது.
பதிந்தவன் ஆர்வெத், தீவுக்காரன்.
வேலையை விட்டுவிட்டுப் பின்லாந்தில்
மரலாரி ஓட்டுகிறான். போன் எடுப்பதில்லை.

கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் உண்டாம்.
வட்டுக்குள் தேரைக்கு?

ஆர்வெத் பெயர் வைக்கிற அழகு அப்படி.
பிடித்த பதிவுக்கு மூன்று நட்சத்திரம்.
சந்தேகமானதற்குக் கேள்விக்குறி.
காற்றடித்துக் கெட்டுப்போனதற்கு
அடைப்புக்குறிக்குள் ஒரு வசவு.

நட்சத்திரத்தைத் தேடினாள்.
கணினிக்கு நட்சத்திரம் என்றால்
எதுவானாலும் சரி என்று பொருளாம்:
அறுபத்தோராயிரம் கோப்புகள்,
ஊசி கேட்டவள் தலையில் வைக்கோற்போர்,
வௌவால், ஆந்தை, கிறிஸ்துமஸ் விருந்துப் படங்கள்,
யாருடைய பல்வலிக்கோ எடுத்த எக்ஸ்ரே.

பன்னிரண்டரைக்கு ஒன்று நினைவுக்கு வந்தது,
வேண்டாத விருந்தாளி மாதிரி.
தீவுக்காரர்களுக்கு அந்த ஒலி வராது.
அலைக்குப் பதில் இரண்டு புள்ளி வைத்த ஓதான் வரும்,
உதட்டைக் குவித்துக்கொண்டு எ சொல்கிற மாதிரி.
கூட்டத்தில் அவன் தேரை என்றால்
மேசை முழுக்கச் சிரிக்கும்.
முதலில் சிரிப்பது யார் என்று
இப்போது யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறாள்.
போன வருட அறிக்கையில்
அவனுடைய முப்பத்தேழு இரட்டைப் புள்ளிகளையும்
சிவப்பு மையால் அலையாக்கித் திருப்பியது விர்வேதான்.
நன்றி என்று மட்டும் பதில் வந்தது.

இரட்டைப் புள்ளியோடு தட்டினாள்.
இல்லை.

இந்த முறை அந்த இல்லையை அவள் நம்பவில்லை.
எழுத்தைத் தூக்கிவிட்டு
அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி:
எந்த எழுத்தானாலும் சரி, ஒன்று.
இல்லை.
இரண்டு கேள்விக்குறி.

வந்தது.

திரையில் அதே ஓ, அதே இரண்டு புள்ளி,
அவள் தட்டியதற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசமில்லை.
உள்ளேதான் வேறு.
அவன் கணினி ஓவைத் தனியாகவும்
புள்ளிகளைத் தனியாகவும் எழுதி வைத்திருக்கிறது,
ககரமும் ஒற்றைக்கொம்பும் காலும்
தனித்தனியே வந்து வரிசையில் நின்று
கொ என்று நமக்குக் காட்டுவது போல.
கண்ணுக்கு ஓரெழுத்து. எண்ணுக்கு இரண்டு.

ஹெட்போன்.
காற்று. நாணல். தூரத்தில் படகு மோட்டார்.
பிறகு ஆர்வெத்தின் குரல், மைக்குக்கு மிக அருகில்:
தேதி, குட்டை எண், வெப்பநிலை,
உயிரினத்தின் பெயர்.
இரண்டு புள்ளியோடுதான் சொல்கிறான்.
அவனுக்குப் பின்னால்
முதுகில் மஞ்சள் கோடு போட்ட ஒன்று,
குதிப்பதை விட்டு ஓடுகிற சாதி,
கர்ர்ர் என்று பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது.
இன்னொன்று பதில் சொல்கிறது.

அமைச்சகத்துக்குக் கடிதம்.
இணைப்பின் பெயரைத் தலைப்பில் ஒட்டினாள்.
பிழை என்று கணினி சிவப்பில் அடிக்கோடிட்டது.
விரல் அலைக்கான விசைமேல்
கொஞ்ச நேரம் நின்றது.

அப்படியே அனுப்பினாள்.
நாளைக்கு அங்கே எவரேனும் தேடிக் கிடைக்காமல்
அவளைக் கூப்பிடட்டும்.