வெளுப்பு

ஏற்காட்டில் இரண்டு நாள் பயிற்சி.
ஜன்னலில் பனி, மேசையில் ஆறிய காபி,
சேகோ ஆலைக்காரர்கள் பதினோரு பேர்.
ஆத்தூர் மாதேஸ்வரன் மட்டும்
நோட்டு கொண்டுவந்திருந்தார்.

திரையில் என் ஆலையின் புதுக் கேமரா:
அமிலம் படாத ஜவ்வரிசியை,
கிழங்கின் நிறம் கொஞ்சம் மிச்சமிருந்ததை,
கழிவு கழிவு என்று
தள்ளிக்கொண்டே இருந்தது.

"யார் இதுக்குச் சொல்லிக்கொடுத்தது?"
கத்திவிட்டேன்.
ரெஜினா மேடம் பதில் சொல்லவில்லை;
கோப்பைத் திறந்தார்.
நான் அனுப்பிய நாலாயிரம் படங்கள்.
அத்தனையும் பளீர் வெள்ளை,
வியாபாரி கேட்ட வெள்ளை.

யாரும் சிரிக்கவில்லை.
மாதேஸ்வரன் நோட்டை மூடினார்.

இறங்கும்போது
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்தான்
சிக்னல் கிடைத்தது.
இரவு ஷிப்டுக்குப் போன் போட்டேன்.
"படம் அப்புறம் எடுக்கலாம்.
தொட்டியோரம் நீலக் கேன் இருக்கும் பாரு,
அதைத் திறக்காதே."

மறுமுனையில் கொஞ்ச நேரம்
மோட்டார் சத்தம் மட்டும்.