கழுத்துக்குழி உயரம்

மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும்
என்றார்கள் பயிற்சியில்.
ஒன்று புள்ளி மூன்று மீட்டர்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
யாருடைய மார்பு என்று நான் கேட்கவில்லை.
எனக்கு அது கழுத்துக்குழி,
அடையாள அட்டையின் கயிறு பிரிகிற இடம்.
அளவுக்குச்சியை அன்றோடு விட்டேன்.
மரத்தோடு ஒட்டி நின்று
எச்சில் விழுங்கினால் போதும்,
தொண்டை அசையும் இடத்தில்
சிவப்பு வளையம் போடலாம்.

தாண்டிக்குடிக்குக் கீழே
காபிச் செடிகளுக்குள் குனிந்தே போனால்
வேலப்பனின் இரண்டு ஏக்கர்.
பலா, கல்யாண முருங்கை, சில்வர் ஓக்.
ஓரத்தில் ஒரு நாரத்தை.
இத்தனை பருமனுக்குக் கீழே இருப்பது மரமில்லை
என்கிறது கையேடு.
நாரத்தை அதைப் படிக்காமல் காய்த்திருக்கிறது.

இந்த இலைக்கூரைக்குள் என்னைத் தேடிய செயற்கைக்கோள்
ஒரு முறை ஓடைக்குள் நிறுத்தியது,
ஒரு முறை அடுத்த தோட்டத்து மாட்டுக்கொட்டகையில்.
நான் இருந்த இடத்திலேயேதான் இருந்தேன்.

பெரிய பலா என் கைக்குள் அடங்காது.
அந்தப் பக்கம் நின்று செவனம்மாள் நாடாவை வாங்கி
என் விரலுக்குத் திருப்பித் தருவாள்.
முகம் தெரியாது. குரல் மட்டும்:
"அட்டை. உன் இடது காலு."

எண்பத்தேழு: அடிக்கட்டை.
காரணத்துக்கு ஒரு கட்டம்.
ஒன்று, காற்று. இரண்டு, காட்டுமாடு.
மூன்று, நோய். நான்கு, மற்றவை.
வேலப்பனின் மகள் மதுரை ஆஸ்பத்திரியில்
பதினோரு நாள் கிடந்தாள்.
நான்கு.

இன்னொரு கேள்வியும் உண்டு:
இந்த மரம் முப்பது ஆண்டு நிற்குமா?
வாசித்துக் காட்டினேன்.
"மரத்தைக் கேக்குறாகளா, என்னையவா?" என்றார்.
அதற்குக் கட்டமில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டில்தான் போன் சிவந்தது.
போன வருடம் நூற்றுப் பதினெட்டு.
இன்று நூற்று ஒன்பது.
மரம் இளைக்காது, மறுபடி அள, என்கிறது செயலி.
அளந்தேன்.
செவனம்மாள் அளந்தாள்.
நூற்று ஒன்பது.

பிறகு நினைவு வந்தது, வயிற்றில் முதலில்.
போன வருடம் மழை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு.
மிளகுக்கொடியை விலக்காமல்
அதன் மேலேயே நாடாவைச் சுற்றினேன்.
இதில் மட்டுமா?
கொடி ஏறிய நூற்று நாற்பது மரங்களிலும்.
கொடியின் தடிமனை மரம் என்று எழுதி,
மரத்தைக் கரி என்று பெருக்கி,
எங்கோ ஒரு கம்பெனியின் புகைக்கு ஈடாக
விற்றும் ஆகிவிட்டது.
அந்தப் பணத்தில் ஒரு பங்கு வேலப்பனுக்கு வந்தது.
அதில்தான் கூரைக்குத் தகரம் மாற்றினார்.

"பழைய நம்பரையே போடு,
இந்த மேட்டுக்கு எவன் ஏறி வரப்போறான்?"

ஒருவரும் வரமாட்டார்கள்தான்.
வருபவர்களும் ஷூவைப் பார்த்தபடியே இறங்குவார்கள்.

நூற்று ஒன்பது.
குறிப்பில் எழுதினேன்:
சென்ற ஆண்டுப் பிழை என்னுடையது.
கட்டம் சிறியது. 'என்னுடையது' மட்டும்
அடுத்த வரிக்குப் போய்விட்டது.

வேலப்பன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, என்னைப் பார்க்காமல்:
"மிளகு எங்க கணக்கு.
அதை மரத்தோட சேத்தது உன் கணக்கு.
இந்த வருசம் கொறையுறது மட்டும்
யாரு கணக்குல போகும்?"

கையேட்டில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: திருத்தம்.
அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூடுபனி ஏறி வந்து
வளையங்களை ஒவ்வொன்றாக அழித்தது.
அறுபத்தொரு மரம் இன்னும் அனுப்பப்படவில்லை;
பண்ணைக்காட்டு வளைவில்தான் சிக்னல்.

இருநூற்றுப் பதின்மூன்று.
அரிவாளின் முதுகால் கொடியை நெம்பி
வேலப்பன் பிடித்துக்கொண்டார்,
ஒரு மிளகுச்சரமும் உதிராமல்.
சரத்துக்காகவா, என் நாடாவுக்காகவா,
தெரியவில்லை.
ஈரப்பட்டையில் கழுத்தை வைத்தேன்.
"இழு" என்றாள் செவனம்மாள்.