குருட்டுத் தேர்வு

வரிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில்
விரிசல் வளர்ப்பு என்று எழுத முடியுமா?
அதைத்தான் செய்கிறேன், எஸ்போ நகரில்.
சூடு, தண்ணீர், மறுபடி சூடு.
எஃகுக் குழாயின் பற்றவைப்போரம்
மயிரிழையாய் வாய் திறக்கும்.
ஆழம் எழுதிய தாள் பெட்டியில்;
சாவி என் கழுத்தில்.

தவுனோ பசை தடவி ஒலிமுனையை நகர்த்துகிறான்.
அவனது முறை தேறினால்தான் அணுவுலைக்கு அனுமதி.
ஆறாம் குழாயில் நாற்பது நிமிடம்.
திரையில் ஏதோ முனகுகிறது.
என் முகத்தைப் பார்க்கிறான்.
நான் சன்னலை. மூன்று மணிக்கே இருட்டு.

'குறையில்லை' என்று எழுதி, அடித்து,
காபி ஆறியபின் அதையே எழுதுகிறான்.

ஆறாவதில் நான் எதையும் வளர்க்கவில்லை.
சொல்லக்கூடாது.
கோட்டின் பொத்தான் ஒன்று துளை மாறி
பனிக்குள் நடக்கிறான்;
பெட்டிக்குள் அவனுடைய
ஒன்றுமில்லை
பூட்டியிருக்கிறது.